தொலைக்காட்சியும் தூரத்து ஊர்களும்: பனிச்சங்கேணியில் நின்று ஒரு நோக்கு

கண்ணுக்கும் செவிக்கும் இயற்கை ஓர் எல்லை வகுத்திருக்கின்றது. அவ்வெல்லைக்கு அப்பாலுள்ளவற்றைக் காணவும் கேட்கவும் மக்கள் நெடுங்காலம் விழைந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய தந்தியும் தொலைபேசியும் செவியின் எல்லையை அகற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வானொலி அதனை மேலும் விரித்தது. கண்ணின் எல்லையை அகற்றிய கருவி தொலைக்காட்சியாகும். இந்நாளிலே கடைத்தெருவிலும் வீட்டிலும் ‘எச்.டி.’ எனப் பேசப்படும் உயர்தெளிவுத் தொலைக்காட்சி யாது, அஃது எவ்வாறு உருவாயிற்று, சனல் எனப்படுவது எங்ஙனம் இயங்குகின்றது என்பனவற்றை ஆராய்வதும், அவ்வரலாற்றை நம் நாட்டின் கீழ்க்கரையிலுள்ள ஓர் ஊரில் நின்று நோக்குவதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

அவ்வூர் பனிச்சங்கேணி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியிலே, வாகரைக்கு அண்மையில், வாவியும் கடலும் நெருங்கி நிற்கும் இடத்தில் அஃது அமைந்துள்ளது. மாங்கேணி, காயங்கேணி என அயலூர்ப் பெயர்களும் கேணி என்றே முடிதலை நோக்குவார்க்கு, பனிச்சை மரம் நின்ற கேணி என்பதே இப்பெயரின் பொருளாதல் கூடும் எனத் தோன்றும். மீன்பிடியும் சிறு பயிர்ச்செய்கையும் இவ்வூராரின் வாழ்வு. தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இலண்டன், நியூயோர்க், தோக்கியோ, கொழும்பு என அலை புறப்படும் நகரங்களில் நின்றே எழுதுவர். அலை சென்று சேரும் இடத்தில், அன்றிச் சேராது விடும் இடத்தில், நின்று அவ்வரலாற்றைப் பார்த்தல் அரிது. அங்ஙனம் பார்க்கும்போது புலனாகும் உண்மைகள் சில உள. அவை நாட்டின் கொள்கை வகுப்போர்க்கும் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படத் தக்கன.

‘உயர்தெளிவு’ என்னும் பெயர்

தொலைக்காட்சியின் அடிப்படைத் தத்துவம் எளியது. நாம் ஓர் ஏட்டை வாசிக்கும்போது முழுப் பக்கத்தையும் ஒரே நோக்கில் உட்கொள்வதில்லை. இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாகவே வாசிக்கின்றோம். தொலைக்காட்சிக் கமராவும் தன்முன் உள்ள காட்சியை அவ்வாறே வரி வரியாக வாசிக்கின்றது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் மின்னோட்டமாக மாற்றி அனுப்புகின்றது. வாங்கும் கருவி அம்மின்னோட்டத்தை மீண்டும் ஒளியாக்கி, அதே ஒழுங்கிலே திரையில் எழுதுகின்றது. ஒரு செக்கனில் 25 முறையோ 30 முறையோ இவ்வாறு எழுதினால், தனித்தனிப் படங்களைக் கண் பிரித்தறியமாட்டாது அசையும் காட்சியாகக் கொள்கின்றது.

காட்சியை வரிகளாக வகுக்கும் சுழல்தட்டினை 1884ஆம் ஆண்டிலே போல் நிப்கோ என்னும் செருமானிய மாணவர் வகுத்துரைத்தார். அத்தத்துவத்தைக் கையாண்டு யோன் லோகி பெயாட் என்னும் ஸ்கொத்லாந்தினர் 1926 சனவரி 26ஆந் திகதி இலண்டனில் அறிஞர் முன்னிலையிலே மனித முகத்தைத் திரையிற் காட்டினார். அப்படத்தின் வரிகள் 30 மாத்திரமே. அதே ஆண்டு திசெம்பர் 25ஆந் திகதி யப்பானின் கமமற்சு நகரிலே கென்சிரோ தக்கயனகி என்பார் 40 வரிகளைக் கொண்டு கதோட்டுக் கதிர்க் குழாயின் திரையில் ஒரு படத்தைத் தோற்றுவித்தார். அவர் காட்டியது முகமன்று. யப்பானிய நெடுங்கணக்கின் ஓர் எழுத்து. ஒரு மொழியின் எழுத்தே அங்கு தொலைக்காட்சியின் முதற் காட்சியாய் அமைந்தமை கருதத் தக்கது.

1935 சனவரியிலே பிரித்தானியாவில் செல்சுடன் பிரபுவின் தலைமையில் அமைந்த குழு தனது அறிக்கையை வெளியிட்டது. அதிலே 240 வரிகளுக்குக் குறையாததும், செக்கனுக்கு 25 படங்களுக்குக் குறையாததுமான ஒளிபரப்பே ‘உயர்தெளிவு’ எனப்பட்டது. 1936 நவம்பர் 2ஆந் திகதி அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. நிறுவனம் தொடங்கிய சேவை அப்பெயருக்கு உரியதாய் அன்று மதிக்கப்பட்டது. பெயாடின் 240 வரி முறையும் மார்க்கோனி–ஈ.எம்.ஐ. நிறுவனத்தாரின் 405 வரி முறையும் அங்கு மாறி மாறிப் பரீட்சிக்கப்பட்டன. சில திங்களுள் 405 வரி முறையே நிலைபெற்றது. பின்னர் அமெரிக்கர் 525 வரிகளையும், ஐரோப்பியர் பலர் 625 வரிகளையும், பிரான்சு நாட்டினர் சில காலம் 819 வரிகளையும் கையாண்டனர்.

இதனால் நாம் அறிவது யாது? உயர்தெளிவு என்பது ஒரு நிலையான அளவன்று. அஃது ஒப்பு நோக்கி வழங்கும் பெயர். நேற்று உயர்ந்ததாய் இருந்தது இன்று தாழ்ந்ததாகின்றது. இன்று நாம் எச்.டி. எனக் கொண்டாடும் படத்திற்கு அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 வரிகளும் உள. அதாவது 2,073,600 புள்ளிகள். பழைய 625 வரி முறையில் கண்ணுக்குத் தோன்றும் வரிகள் 576 ஆகும். எண்முறையில் அஃது 720க்கு 576 என அளக்கப்படும். அதன் புள்ளிகள் 414,720. ஆகவே எச்.டி. படம் பழைய படத்தினும் சரியாக ஐந்து மடங்கு செறிவுடையது. அதனிலும் நான்கு மடங்கு செறிவுடைய ‘4கே’ படமும், பதினாறு மடங்கு செறிவுடைய ‘8கே’ படமும் தோன்றிவிட்டன. 2018 திசெம்பர் 1ஆந் திகதி யப்பானிய ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. 8கே ஒளிபரப்பைத் தொடங்கிற்று. எச்.டி. என்னும் பெயரும் ஒருகால் 405 வரியைப்போற் பழம்பெயராய்ப் போதல் திண்ணம்.

பெயர்கள் மாறும் விரைவிற்கு ஒரு மொழி ஈடுகொடுத்தல் எளிதன்று. பி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கிய அதே 1936ஆம் ஆண்டிலேதான், மட்டக்களப்பு மாநிலம் ஈன்ற பேரறிஞர் சுவாமி விபுலாநந்தர் சென்னையில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, அறிவியற்கலைகளைத் தமிழிற் பயிற்றுதற்கான கலைச்சொற்களை ஆக்கும் பணியை ஊக்கினார். தொலைக்காட்சி, ஒளிபரப்பு, அலைவரிசை என்று நாம் இன்று தயக்கமின்றி வழங்குதல் அத்தகையார் இட்ட அடித்தளத்தின் பயனாகும்.

சனல் என்னும் வாய்க்கால்

சனல் என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள் வாய்க்கால் என்பதே. வயல் நிலத்து மக்களாகிய நமக்கு இவ்வுவமை விளக்கம் வேண்டாதது. வானிற் பரவும் மின்காந்த அலைகள் ஒரு பெருங்குளத்து நீர் போன்றன. அவற்றை ஒருவர் விரும்பியவாறு பாய்ச்சுவாராயின் அயலார் வயல் மூழ்கும். இரு நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஒளிபரப்பின் இரண்டும் கெடும். ஆதலால் அரசு அவ்வலைகளைப் பகுத்து, ஒவ்வொரு நிலையத்திற்கும் ஒரு பகுதியை வழங்குகின்றது. நம் நாட்டின் பழைய முறையிலே அத்தகைய பகுதி ஒன்றின் அகலம் மீயுயர் அதிர்வெண் வரிசையில் 7 மெகாகேட்சு ஆகும். வயலுக்கு வயல் வரம்பு இடுவதுபோல் பகுதிகளுக்கிடையே இடைவெளியும் விடப்படும். மட்டக்களப்பு வட்டைகளிலே நீர்ப்பங்கீட்டை வட்டவிதானை கவனிப்பதுபோல், இலங்கையில் இப்பங்கீட்டைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கவனிக்கின்றது.

நிகழ்ச்சி ஒன்று கலையகத்திற் பிறந்து வீட்டுத் திரையை அடையும் வழி இதுவாகும். கலையகத்திலே கமராக்கள் பல நின்று படம் பிடிக்கின்றன. கட்டுப்பாட்டு அறையில் இருப்போர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து, ஒலியையும் எழுத்துக்களையும் சேர்க்கின்றனர். முன்னரே பதிவுசெய்த நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் நேர அட்டவணைப்படி இடையிடையே கோக்கப்படுகின்றன. இவ்வாறு தொடுக்கப்பட்ட ஒழுக்கு, நுண்ணலை மூலமோ கண்ணாடி இழைக் கம்பி மூலமோ மலையுச்சியிலுள்ள ஒளிபரப்பிக்குச் செல்கின்றது. அங்கு அது தனக்குரிய அதிர்வெண்ணில் ஏற்றப்பட்டு, வலுவூட்டப்பட்டு, கோபுரத்து அன்ரனாவினின்றும் வானிற் பரவுகின்றது. வீட்டுக் கூரையிலுள்ள அன்ரனா பல சனல்களின் அலைகளையும் ஒருங்கே பெறும். அவற்றுள் நாம் வேண்டியதைப் பிரித்தெடுத்தல் தொலைக்காட்சிப் பெட்டியின் வேலை. செய்மதிச் சேவையிலோ மலையுச்சிக்குப் பதிலாகப் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, ஏறத்தாழ 35,800 கிலோமீற்றர் உயரத்திலே, பூமியோடொத்துச் சுழலும் செய்மதி நிற்கின்றது.

மலையுச்சி ஏன் வேண்டும் என வினவலாம். தொலைக்காட்சி அலை பெரும்பாலும் ஒளிபோல நேர்கோட்டிற் செல்வது. பூமியின் வளைவு அதனை மறைக்கின்றது. அன்ரனாவின் உயரத்தை மீற்றரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை 4.1ஆற் பெருக்கினால், அலை எட்டக்கூடிய தூரம் ஏறத்தாழக் கிலோமீற்றரிற் கிடைக்கும். இக்கணக்கு மிக எளிதாயினும் நம் நாட்டுத் தொலைக்காட்சி வரலாற்றின் திறவுகோல் அதுவே என்பது பின்னர்ப் புலனாகும்.

இலங்கையிலே

கொழும்பு வானொலி 1925 திசெம்பரிலே முறையாகத் தொடங்கப்பட்டது. ஆசியாவின் மிகப் பழைய வானொலி நிலையங்களுள் ஒன்றை உடைய இந்நாடு, தொலைக்காட்சியைப் பெறுதற்கு அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது. இந்தியாவிலே 1959 செப்டெம்பர் 15ஆந் திகதி தில்லியில் பரீட்சார்த்த ஒளிபரப்புத் தொடங்கிற்று. சென்னை 1975 ஓகத்து 15ஆந் திகதி அதனைப் பெற்றது. அதே ஆண்டு ஓகத்து முதல் ஓராண்டு காலம் அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையோடு ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 இந்தியக் கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. நகரத்தாரை முந்திக் கிராமத்தார்க்குத் தொலைக்காட்சி வழங்கிய அரிய முயற்சி அதுவாகும். அவ்வொளிபரப்பு இலங்கையிலும் ஓரிடத்திற் பெறப்பட்டது. 1945ஆம் ஆண்டிலேயே இத்தகைய செய்மதிகளைப் பற்றி எழுதியவரும், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவருமாகிய ஆதர் சீ. கிளாக்கின் கொழும்பு இல்லத்திலே இந்திய விண்வெளிப் பொறியியலாளர் ஒரு வாங்கித் தட்டினை நிறுவினர்.

1979 ஏப்பிரல் 13ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டையொட்டி, சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை கொழும்பை அடுத்த பன்னிப்பிட்டியில் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. தனியார் முயற்சியாய்ப் பிறந்த அச்சேவையை அதே ஆண்டு யூன் மாதத்தில் அரசு தன்வசமாக்கிற்று. அதன் அலை கொழும்பையும் அயலையுமே எட்டியது. அதற்கு ஐந்து திங்களின் முன், 1978 நவம்பர் 23ஆந் திகதி, மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிப் பேரழிவு விளைத்திருந்தது என்பதை இங்கு நினைத்தல் தகும். கொழும்பிலிருந்து பனிச்சங்கேணி நேர்கோட்டில் 200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. அக்காலத்து அவ்வூரார்க்குத் தொலைக்காட்சி என்பது பத்திரிகையில் வாசிக்கும் செய்தியே.

நாடு தழுவிய சேவை 1982 பெப்புருவரி 15ஆந் திகதி தொடங்கிய ரூபவாகினியால் அமைந்தது. யப்பான் நன்கொடையாக வழங்கிய அந்நிலையம், யப்பானில் வழங்கிய 525 வரி முறையை விடுத்து, ஐரோப்பாவில் வழங்கிய 625 வரி ‘பால்’ நிறமுறையையே கைக்கொண்டது. அதன் தலைமை ஒளிபரப்பி நாட்டின் உயர்ந்த மலையாகிய பிதுருதலாகலையில் நிறுவப்பட்டது. அம்மலையின் உயரம் 2,524 மீற்றர், அதன் வர்க்கமூலம் 50க்குச் சற்று மேல், 4.1ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 206 கிலோமீற்றர். பனிச்சங்கேணி அம்மலையிலிருந்து 150 கிலோமீற்றருக்கு உட்பட்டது. ஆகவே கொழும்பு எட்டமாட்டாத ஊரை மலை எட்டிற்று. ஒரு கோபுரத்தை எங்கு வைப்பது என்னும் தீர்மானமே யார் காண்பார், யார் காணார் என்பதையும் தீர்மானிக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அலை எட்டியது, ஆயினும் அது சுமந்து வந்த மொழி யாது? ஒரே அலைவரிசையிலே சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் நேரத்தைப் பகிர்ந்துகொண்டன; தமிழுக்குக் கிடைத்த பங்கு சிறிது. வட கரையோர மக்களோ கூரைமேல் உயர்ந்த கம்பங்களை நாட்டி, 1980களின் பிற்பகுதி முதல் கொடைக்கானல் மலையினின்றும் வந்த தூரதர்சன் தமிழ் ஒளிபரப்பைப் பெற்றனர். யாழ்ப்பாணம் கொடைக்கானலிலிருந்து 280 கிலோமீற்றர் அளவில் உள்ளது; கணக்கின்படி அவ்வலை அங்கு எட்டுதல் அரிது. எனினும் கடலின்மேல் வெப்பக்காற்றும் குளிர்காற்றும் அடுக்காய் அமையுங் காலங்களில் அலை அவ்வடுக்கினுள் அகப்பட்டு வளைந்து நெடுந்தூரம் செல்லும். பாக்கு நீரிணை அத்தகைய இயற்கை வாய்க்காலாய்ப் பயன்பட்டது. கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 490 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பனிச்சங்கேணிக்கு அவ்வாய்ப்பு இல்லை.

போர்க்காலம் இவ்வரலாற்றிலும் தன் வடுவைப் பதித்தது. வடக்கிலே கொக்காவிலில் இருந்த மீள்பரப்பு நிலையம் 1990இல் அழிந்தது. 174 மீற்றர் உயரமுள்ள புதிய கோபுரம் 2011ஆம் ஆண்டிலேதான் அங்கு எழுந்தது. மின்கம்பி எட்டாத ஊர்களிலே வாகன பற்றறிகளைக் கொண்டு சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை இயக்கியவர் பலர். முழுநேரத் தமிழ்ச் சேவை என்னும் வகையில் 1998இல் தனியார் துறையின் சக்தி தொலைக்காட்சியும், 2009இல் சுயாதீனத் தொலைக்காட்சி வலையமைப்பின் வசந்தமும் தோன்றின. 1979ஐ முதலாண்டாகக் கொண்டால், தமிழ் பேசுவோர் தமக்கென ஒரு முழுநேரச் சனலைப் பெறுதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன.

எண்முறையும் சுருக்கற் கலையும்

உயர்தெளிவுத் தொலைக்காட்சியின் இன்றைய வடிவத்திற்கு வித்திட்டோர் யப்பானியர். 1964ஆம் ஆண்டில் தோக்கியோ ஒலிம்பிக் விழா முடிந்தபின், அடுத்த தலைமுறைத் தொலைக்காட்சி எவ்வாறிருத்தல் வேண்டும் என என்.எச்.கே. ஆராய்ச்சியாளர் ஆராயத் தொடங்கினர். அவர் முதலில் ஆராய்ந்தது பொறியையன்று, மனிதக் கண்ணை. பழைய படத்தை அதன் உயரத்தின் ஆறேழு மடங்கு தூரத்தில் இருந்தே பார்த்தல் வேண்டும். அண்மையிற் சென்றால் வரிகள் தனித்தனியே தோன்றும். மூன்று மடங்கு தூரத்திலிருந்து பார்த்தாலும் வரிகள் தோன்றாவண்ணம் அமைப்பின், அகன்ற திரை கண்ணை நிறைத்துக் காட்சியினுள்ளே நிற்பதுபோன்ற உணர்வைத் தரும் எனக் கண்டனர். அதற்காக வகுத்தது 1,125 வரி முறை. 1989இல் செய்மதி வழி நாடோறும் அதன் பரீட்சார்த்த ஒளிபரப்பு நடைபெறலாயிற்று.

ஆனால் அப்படம் பழைய வாய்க்காலினுள் அடங்கவில்லை. செறிந்த படத்திற்கு அகன்ற அலைவரிசை வேண்டும். அகன்ற அலைவரிசைக்கோ வானில் இடமில்லை. இத்தடையை நீக்கியது எண்முறையாகும். 1990இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று முற்றும் எண்முறையான உயர்தெளிவு ஒளிபரப்புத் திட்டத்தை முன்வைத்தது. போட்டியிட்ட நிறுவனங்கள் 1993இல் ஒன்றுகூடின. 1996இல் அமெரிக்க அரசு அம்முறையை ஏற்றது.

எண்முறை எவ்வாறு இதனைச் சாதித்தது? எச்.டி. படத்தின் 2,073,600 புள்ளிகள் ஒவ்வொன்றையும் 24 இருமக் குறிகளால் எழுதி, செக்கனுக்கு 25 படம் அனுப்புவதாயின், செக்கன் ஒன்றிற்கு ஏறத்தாழ 124 கோடி குறிகள் செல்லவேண்டும். ஓர் அலைவரிசை சுமக்கவல்லது சில கோடி குறிகளையே. ஆகவே படத்தைச் சுருக்குதல் இன்றியமையாதது. வாவிக்கரைக் காட்சி ஒன்றை எண்ணுக. கண்டல் மரங்கள் அசையாது நிற்கின்றன. வானமும் கரையும் மாறவில்லை. தோணி ஒன்று மாத்திரம் இடமிருந்து வலமாகச் செல்கின்றது. ஒவ்வொரு படத்திலும் மரத்தையும் வானத்தையும் மீண்டும் மீண்டும் அனுப்புவானேன்? முதற் படத்தை முழுமையாக அனுப்பிவிட்டு, அதன்பின் தோணி எவ்வளவு நகர்ந்தது என்பதை மாத்திரம் அனுப்பினாற் போதும். ஒரு படத்தினுள்ளும் பரந்த நீலவானம் போன்ற ஒரேதன்மையான பகுதிகளைச் சில எண்களாற் குறிக்கலாம். இதற்கு அடிப்படையான கணித மாற்றத்தை 1974ஆம் ஆண்டில் நசீர் அகமது, ரி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் வெளியிட்டனர். நசீர் அகமது பெங்களூரிற் பிறந்தவர். உலகெங்கும் எச்.டி. படத்தைச் சுமக்கும் முறைகளுள் அவர்தம் கணக்கு உறைந்திருக்கின்றது. இவ்வழிகளாற் படம் ஏறத்தாழ நூறிலொன்றாகச் சுருங்கும். அதனால் முன்னர் ஒரு நிகழ்ச்சியையே சுமந்த அலைவரிசை, இன்று எச்.டி. நிகழ்ச்சி ஒன்றிரண்டையோ சாதாரண நிகழ்ச்சிகள் பலவற்றையோ சுமக்கின்றது.

தெளிவோ எட்டுகையோ?

இலங்கையின் நிலவழித் தொலைக்காட்சியை எண்முறைக்கு மாற்றும் முயற்சி நீண்டகாலத்தது. முதலில் ஐரோப்பிய முறையே கருதப்பட்டது. 2014இல் யப்பானிய முறை தெரிந்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் யப்பானியப் பிரதமர் சின்சோ அபே கொழும்புக்கு வந்தபோது, ஏறத்தாழ 1,370 கோடி யென் கடனுதவிக்கு இரு நாடுகளும் இசைந்தன. வேலை பலகாலம் தாழ்த்தப்பட்டது. 2022 ஏப்பிரலிலே இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை நிறுத்தியபோது அத்தகைய கடனுதவிகள் தடைப்பட்டன; 2024இல் யப்பானியக் கடன் வழங்கல் மீளத் தொடங்கிற்று. இதற்கிடையில் எச்.டி. படம் செய்மதி, கம்பி, இணையம் ஆகிய கட்டணச் சேவைகளின் வழியாகவே நம் நாட்டு வீடுகளை அடைந்தது. எச்.டி. திரையை விலைகொடுத்து வாங்கி, கூரை அன்ரனா தரும் 576 வரிப் படத்தையே அதிற் காண்பவர் பலர். பெட்டி உயர்தெளிவுடையது; வாய்க்காலோ பழையது.

மாற்றம் முற்றுப்பெறும்போது பனிச்சங்கேணி போன்ற ஊர்கள் எதிர்நோக்கும் வினாக்கள் இரண்டு உள.

முதலாவது, எண்முறை ஒளிபரப்பின் இயல்பு பற்றியது. பழைய முறையில் அலை வலுக்குன்றினால் படத்திற் புள்ளிகள் தோன்றும்; நிறம் மங்கும்; எனினும் முகம் தெரியும், குரல் கேட்கும். எண்முறையில் அவ்வாறன்று. அலை ஓர் அளவிற்கு மேல் இருக்குமட்டும் படம் பழுதற்றது. அவ்வளவிற்குக் கீழே சென்றதும் படம் உறைந்து, பின் முற்றாக மறையும். மங்கிய காட்சியோடு மனநிறைவு கொண்டிருந்த எல்லைப்புற வீடு, மாற்றத்தின் மறுநாள் காட்சியே அற்றதாகலாம். கொழும்பிலே 350 மீற்றர் அளவு உயர்ந்து நிற்கும் தாமரைக் கோபுரம் எழில் வாய்ந்ததே. ஆயினும் நாம் மேலே கூறிய கணக்கின்படி அதன் எட்டுகை 80 கிலோமீற்றர் அளவினது. கீழ்க்கரைக்கு வேண்டுவன கீழ்க்கரையை நோக்கிய மலை ஒளிபரப்பிகளும், அவற்றின் நிழலில் அகப்படும் இடங்களுக்கு மீள்பரப்பு நிலையங்களுமாம். விளம்பர வருவாயில் வாழும் சனல்கள் சனம் அடர்ந்த இடங்களையே முதலில் நாடும். ஆதலின் இது வணிகத்திற்கு விடத்தக்க பொறுப்பன்று, அரசின் கடமையாகும்.

இரண்டாவது வினா உயிர் பற்றியது. 2004 திசெம்பர் 26ஆந் திகதி காலை ஏழு மணியளவில் சுமாத்திரா அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின் ஆழிப்பேரலை நம் கீழ்க்கரையைத் தாக்கிற்று. வாகரைப் பகுதியும் அதற்குத் தப்பவில்லை. நாடு முழுவதும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரண்டு மணி நேரத்தில் வானொலியும் தொலைக்காட்சியும் இருந்தன; எச்சரிக்கை இல்லை. இந்து சமுத்திரத்திற்கு அக்காலத்தில் எச்சரிக்கை முறை அமைந்திருக்கவில்லை என்பது உண்மையே. பின்னர் அஃது அமைக்கப்பட்டது. கரையோரத்தில் எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன, கைத்தொலைபேசியும் பரவிற்று. எனினும் ஒரு செய்தி கரையை அடைய எத்துணை வழிகள் உளவோ அத்துணையும் வேண்டும். ஏனெனின் ஒன்று தவறுமிடத்து மற்றொன்று உதவும்.

இங்கேதான் யப்பானிய எண்முறையின் சிறப்பு ஒன்று கருதத் தக்கது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் பழகிய யப்பான் 1985ஆம் ஆண்டிலேயே ஒளிபரப்பினுள் அவசர எச்சரிக்கைக் குறியைச் சேர்த்தது. எண்முறையிலும் அக்குறி தொடர்கின்றது. அதற்கென அமைந்த பெட்டி உறங்குநிலையில் இருப்பினும், அக்குறி வந்ததும் தானே விழித்து ஒலிக்கும். மேலும் அம்முறையில் ஓர் அலைவரிசை 13 கூறுகளாக வகுக்கப்படுகின்றது. 12 கூறுகள் எச்.டி. படத்தைச் சுமக்க, எஞ்சிய ஒரு கூறு கையடக்கக் கருவிகளுக்கான சிறு படத்தைச் சுமக்கும். அச்சிறு படத்தின் வரிகள் குறைவு; ஆனால் வலுக்குன்றிய அலையிலும் அது நிலைத்து நிற்கும். உயர்தெளிவுத் தொலைக்காட்சி எனப் பெயர்பெற்ற முறையிலே, கடற்கரை வாழ்வார்க்கு மிக வேண்டிய பகுதி தெளிவு மிகக் குறைந்த அவ்வொரு கூறேயாதல் கூடும்.

ஆனால் இச்சிறப்புத் தானே வந்து வாய்ப்பதன்று. எச்சரிக்கைக் குறியை அறியும் பெட்டிகளே நாட்டில் விற்கப்படவேண்டும் என விதி வகுத்தல் வேண்டும். எந்தப் பகுதிக்கு எச்சரிக்கை என்பதைக் குறித்து அனுப்ப ஒழுங்கு வேண்டும். யாவற்றினும் மேலாக, அவ்வெச்சரிக்கை கேட்போரின் மொழியில் அமைதல் வேண்டும். இரவிலே தானே விழித்த பெட்டி வாகரை வீட்டாரிடம் தமிழிற் பேசாதாயின், அது விழித்ததனாற் பயன் யாது? எச்.டி. ஒளிபரப்பின் ஆயிரத்தெண்பது வரிகளாலும் ஈடுசெய்யமுடியாத குறை அது.

தொலைக்காட்சியின் வரலாற்றைப் பெரும்பாலோர் வரிகளின் எண்ணிக்கையால் அளந்தனர்: 30, 240, 405, 625, 1,080 என ஏறுவதே முன்னேற்றம் என்றனர். அவ்வளவை பொய்யன்று, ஆயினும் முழுமையுமன்று. அலை எத்துணை வீடுகளை எட்டுகின்றது, அவ்வீட்டார் அறியும் மொழியில் அது பேசுகின்றதா, இடர் வருங்காலத்தில் அது உதவுகின்றதா என்பனவும் தெளிவின் பகுதிகளே. நம் கல்லூரிகளிலே பௌதிகமும் கணிதமும் பயிலும் மாணவர் இத்துறையிற் புகுவாராக. புகுந்து, கோபுரங்களின் இடத்தைத் தீர்மானிக்கும் மேசைகளிலே அமரும் நாளில், மலையுச்சியின் உயரத்தை மீற்றரில் எழுதி வர்க்கமூலங் கண்டு, அவ்வட்டத்தின் விளிம்பிலே எவ்வூர்கள் விடுபடுகின்றன என்பதையும் வரைபடத்திற் குறித்து வைப்பாராக.